மெத்தைப் பசை: படுக்கிறவருக்கு எவ்வளவு, ஸ்ப்ரே அடிக்கிறவருக்கு எவ்வளவு?

போன இதழில் புது அலமாரி வாசனை பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மெத்தையைப் பற்றித்தான். பணி ஓய்வு பெறும்வரை தொழிற்சாலைகளில் காற்றை அளந்து, எந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கும் வேலை பார்த்தவள் நான், அதனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததை இந்த முறை கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வந்ததில் ஐந்து கடிதங்களை எடுத்திருக்கிறேன். கடைசிக் கடிதத்தை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

கேள்வி: போன மாதம்தான் பொங்கோலில் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பால் காய்ச்சிக் குடிவந்தோம். 1,800 வெள்ளிக்கு மெத்தை வாங்கினோம், சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்கள். பிரித்த நாளிலிருந்து அறை முழுக்கப் பெயிண்ட் கடை மாதிரி வாசனை. எனக்கு இது எட்டாம் மாதம். காலையில் எழுந்தால் தலைவலி, தொண்டை கரகரப்பு. கடையில் கேட்டால் புதுசு அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். அம்மா சாம்பிராணி போடச் சொல்கிறார். உள்ளே இருக்கும் பசை குழந்தையைப் பாதிக்குமா? (பொங்கோல் வாசகி)

முதலில் மெத்தையை விடுங்கள், தலைவலியைப் பார்ப்போம். எட்டாம் மாதத்தில் காலைத் தலைவலி என்றால் ரத்த அழுத்தத்தை உடனே அளந்துவிட வேண்டும். முகமோ கையோ வீங்கினால், கண்ணில் பூச்சி பறப்பது போல இருந்தால், மேல்வயிறு வலித்தால் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எல்லாப் பழியையும் மெத்தை மேல் போட்டுவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது, அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

சரி, இப்போது மெத்தை. உங்களுக்கு வந்தது பெரும்பாலும் பாலியூரித்தேன் ஃபோம், நாம் ஸ்பாஞ்சு என்று சொல்வது, அதை மூன்று நான்கு அடுக்காக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருப்பார்கள். ஒட்டும் பசை மூன்று வகையில் வரும். சூட்டில் உருகி ஆறினால் கெட்டியாகிற ஹாட் மெல்ட் ஒன்று, இதில் கரைப்பானே, அதாவது பசையைக் கரைக்கும் திரவமே, கிடையாது. தண்ணீரில் கலந்த ரப்பர் பசை இரண்டாவது. ஹெக்சேன், டொலுவீன், டைகுளோரோமீத்தேன் போன்ற சட்டென்று ஆவியாகும் திரவத்தில் கரைத்து ஸ்ப்ரே அடிப்பது மூன்றாவது. கெடுதல் அதிகம் இந்த மூன்றாவதில்தான், ஆனால் அதன் குணமே சீக்கிரம் ஆவியாகிவிடுவது என்பதால் அதில் பெரும்பங்கு பட்டறையிலேயே, பசை அடித்த கொஞ்ச நேரத்திலேயே காற்றோடு போய்விடும். உங்கள் வீட்டுக்கு வந்து சேர்வது மிச்சம்தான். உங்கள் மெத்தையில் அந்த மிச்சத்தோடு ஃபோம் செய்யும்போது சேர்த்த வினையூக்கிகள், மற்றப் பொருள்கள் எல்லாவற்றின் ஆவியும் காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்து, பிரித்ததும் மொத்தமாக வெளியே வருகிறது, அதனால்தான் சுருட்டி வரும் மெத்தைக்கு வாசனை தூக்கலாக இருக்கிறது. இது முதல் சில நாட்களில் வேகமாகக் குறையும், பிறகு வாரக்கணக்கில் மெல்லக் குறையும்.

அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் குழந்தைத் தொட்டில் மெத்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2014இல் வெளியிட்டார்கள். புது மெத்தை பழையதைப் போல நான்கு மடங்கு ஆவி விடுகிறது, உடம்புச் சூடு பட்டால் இன்னும் கூடுகிறது, மூக்குக்குப் பக்கத்துக் காற்றில்தான் அது அதிகம் என்று கண்டார்கள். அதற்காகக் குழந்தைக்கு இன்ன நோய் வரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. புதிதாக வாங்கிய மெத்தையைக் கொஞ்ச நாள் காற்றில் விட்டுப் பிறகு பயன்படுத்துங்கள் என்பதுதான் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, அதற்கு உங்களுக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. தொட்டில் மெத்தையை இன்றைக்கே வாங்கிப் பிரித்து வையுங்கள், பிள்ளை பிறந்த பிறகு என்று தள்ளிப் போடாதீர்கள்.

நம் சிங்கப்பூரில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ராத்திரி கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி ஏர்கான் போட்டுத் தூங்குகிறோம். சுவரில் மாட்டுகிற ஏர்கான் வெளிக் காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருக்கிற காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. எட்டு மணி நேரம் அதே காற்று. நான் காற்றை அளந்த எத்தனையோ இடங்களில் ஒரு ஜன்னலைத் திறந்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இரண்டு வாரத்துக்கு வேறு அறையில் படுங்கள். மெத்தையைச் சுவரில் நிமிர்த்திச் சாய்த்து வைத்து, ஜன்னலைத் திறந்து, ஒரு மின்விசிறியை ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்து, அறைக் காற்றை வெளியே தள்ளுங்கள். மொட்டை வெயிலில் போடாதீர்கள், ஃபோம் மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும். மேலுறையைக் கழற்றலாமா என்றால் முதலில் லேபிளைப் படியுங்கள். சில மெத்தைகளில் தீப்பிடிக்காமல் இருக்க உள்ளுறையில் கண்ணாடி இழை வைத்திருப்பார்கள், அதைக் கழற்றினால் வீடு முழுக்க இழை பறந்து தோலும் கண்ணும் அரிக்கும், கூட்டித் தள்ளவும் முடியாது.

இன்னொன்று, வாசனை மெத்தையிலிருந்துதான் வருகிறது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? புது வீடு, புதுக் கட்டில், புது அலமாரி என்கிறபோது என் சந்தேகம் முதலில் பலகை மேல்தான் போகும். பிளைவுட்டும் மரத்தூள் பலகையும் ஒட்டப்படுவது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில், அது மெத்தைப் பசை மாதிரி சீக்கிரம் அடங்காது, மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும், வெயிலும் ஈரப்பதமும் கூடினால் அதுவும் கூடும், நம் ஊரிலோ இரண்டுக்கும் குறைவில்லை. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது. வீட்டுக் காற்றில் அது அரை மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. சிங்கப்பூரிலும் 2026 ஜனவரி 1 முதல் வீட்டுக்குள் அடிக்கும் பெயிண்டில் 0.01 சதவீதத்துக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று விதி வந்திருக்கிறது, ஆனால் உங்கள் கட்டில் பெயிண்ட் இல்லையே. சோதனை எளிது. மெத்தையைக் கூடத்துக்கு நகர்த்திவிட்டு, அறையை ஒரு பகல் சாத்தி வைத்து, சாயங்காலம் உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிராயரைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கண் கரித்தால் குற்றவாளி கட்டில். பலகையின் ஓரங்களில் லேமினேட் ஒட்டாமல் மொட்டையாக விட்ட இடங்களையும் துளைகளையும் அடைத்தால் நன்றாகவே குறையும்.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், சாம்பிராணி வேண்டாம். ஆகாத ஆவியோடு புகையும் சேரும், அவ்வளவுதான். கொசுவர்த்திச் சுருள் அதைவிட மோசம். ஒரு சுருள் எரிந்து தீரும்போது வரும் ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட் அளவுக்குப் போகலாம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது, மெத்தையைக் கண்டு பயப்படும் நாம் அதைப் பிள்ளை தூங்கும் அறையில் சாதாரணமாக ஏற்றி வைக்கிறோமே என்று எனக்கு எப்போதும் ஆறாது. பாண்டான் இலை, அன்னாசிப் பழம், வெட்டிய வெங்காயம் இவையெல்லாம் வாசனையை மறைக்குமே தவிர ஆவியை எடுக்காது. காற்றுச் சுத்திகரிப்பான் வைத்திருந்தால் ஹெப்பா ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும், ஆவிக்குக் கரி ஃபில்டர் வேண்டும், அதுவும் கனமாக. ஓசோன் விடும் மெஷினை மட்டும் வீட்டுக்குள் சேர்க்காதீர்கள், ஓசோனே நுரையீரலுக்கு ஆகாது, போதாததற்கு அறையில் இருக்கும் மற்ற வாசனைகளோடு சேர்ந்து புதிதாக ஃபார்மால்டிஹைடையும் உண்டாக்கும்.

இரண்டு மூன்று வாரம் நன்றாகக் காற்றாட விட்டும் அதே நெடி அடித்தால் மெத்தையைத் திருப்பிக் கொடுங்கள். குறையுள்ள பொருளை வாங்கியவருக்காக 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டப்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியும் குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். வாசனை ஒரு குறையா என்று அவர்கள் வாதாடக்கூடும், அதனால் எந்தத் தேதியில் என்ன சொன்னீர்கள், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வைத்திருங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகலாம்.

கேள்வி: எனக்கு 61 வயது, ஆஸ்துமா உண்டு. தினமும் விடியற்காலையில் அடுக்குத் தும்மல், மூக்கில் தண்ணீர். மெத்தை வாங்கிப் பதினைந்து வருடம் ஆகிறது. பசை உடைந்து விஷமாக வெளியே வருகிறது என்று நண்பர் ஒருவர் சொன்னார். (பிடோக் வாசகர்)

ஐயா, பதினைந்து வருட மெத்தையில் வாசனை விடும் அளவுக்குப் பசையில் ஒன்றும் மிச்சம் இருக்காது. விடிகாலைத் தும்மல், மூக்கு ஒழுகல், ஆஸ்துமா மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதலில் தோன்றுவது தூசிப் பூச்சி, கண்ணுக்குத் தெரியாதது, நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று, காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்து வாழ்வது. சிங்கப்பூர் வீடுகளில் அதிகம் இருப்பது புளோமியா ட்ராபிகாலிஸ் என்ற வகை. அதன் கழிவில் இருக்கும் புரதம்தான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. பலதுறை மருந்தகத்தில் சொல்லி ஒவ்வாமைப் பரிசோதனை கேளுங்கள். விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், பூச்சி புகாத நெருக்கமான நெசவு உறையை மெத்தைக்கும் தலையணைக்கும் முழுதாகப் போடுங்கள். மெத்தையை மாற்றுவதும் நல்லதுதான், பதினைந்து வருடம் அதிகம். பழையதை எடுத்துப் போக நகர மன்றத்தைக் கூப்பிடுங்கள், படிக்கட்டோரம் சாய்த்து வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: செர்டிபூர் முத்திரை இருக்கிறது, அதனால் ரசாயனமே இல்லாத மெத்தை என்று விற்பனையாளர் சொல்கிறார். நம்பலாமா? எந்த முத்திரையைப் பார்த்து வாங்குவது? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

ரசாயனமே இல்லாத ஃபோம் மெத்தை என்று ஒன்று கிடையாது, ஃபோமே ரசாயனம்தான். கேட்க வேண்டியது அந்த முத்திரை மெத்தையின் எந்தப் பகுதிக்குக் கொடுக்கப்பட்டது என்பதை. செர்டிபூர் யுஎஸ் முத்திரை ஃபோமுக்கு மட்டும். அதில் சில தீத்தடுப்புப் பொருள்களும் ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களும் இல்லை, விடும் ஆவி ஒரு அளவுக்குள் இருக்கிறது என்று அது சொல்கிறது, நல்ல விஷயம்தான், ஆனால் அடுக்குகளை ஒட்டிய பசையையோ மேலுறையையோ அது பார்க்கவே இல்லை. நீங்கள் கவலைப்படுவது பசையைப் பற்றி, அந்த முத்திரை பேசுவது வேறொன்றைப் பற்றி. கிரீன்கார்ட் கோல்டு என்ற முத்திரை அப்படி இல்லை, செய்து முடித்த முழு மெத்தையையும் ஒரு மூடிய அறைக்குள் வைத்து அதிலிருந்து வரும் காற்றை அளக்கிறார்கள், பசையும் அதற்குள் வந்துவிடும், ஃபார்மால்டிஹைடுக்கு அவர்கள் வைத்திருக்கும் வரம்பும் கடுமையானது. ஓக்கோ டெக்ஸ் 100 என்று போட்டிருந்தால் அது துணிக்கு மட்டுமா மொத்த மெத்தைக்குமா என்று சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் மேலுறைத் துணிக்கு வாங்கிய சான்றிதழைத்தான் காட்டுவார்கள்.

முத்திரை ஒன்றும் இல்லாமலும் நல்ல மெத்தை இருக்கலாம். விற்பனையாளரிடம் நேராகக் கேளுங்கள், அடுக்குகளை எதை வைத்து ஒட்டுகிறீர்கள், ஹாட் மெல்ட்டா, தண்ணீர்ப் பசையா, கரைப்பான் பசையா என்று. பதில் தெரியாவிட்டால் தொழிற்சாலைக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நான் போன வருடம் மகளுக்கு மெத்தை வாங்கும்போது மூன்று கடைகளில் இப்படிக் கேட்டேன், ஒரு கடையில் மட்டும் உடனே பதில் வந்தது, அங்கேதான் வாங்கினோம். பசையே வேண்டாம் என்பவர்களுக்கு ஜிப் வைத்த உறைக்குள் அடுக்குகளைச் சும்மா அடுக்கி வைத்த லேட்டெக்ஸ் மெத்தையும் உண்டு, விலை கூடுதல், தூக்க இரண்டு ஆள் வேண்டும். லேட்டெக்ஸ் ஒவ்வாமை இருப்பவர்களுக்கு அது ஆகாது.

வாசனை இல்லை என்பதாலேயே ஒன்றும் இல்லை என்றும் ஆகிவிடாது. கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்டதில், சின்னப் பிள்ளைகளின் படுக்கையறைக் காற்றில் பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் பொருள்களும் தீத்தடுப்புப் பொருள்களும் இருந்தன, அதிலும் கட்டிலைச் சுற்றித்தான் அதிகம். அவை மெதுவாக வெளியே வருபவை, மூக்குக்கு எட்டாது. பிள்ளையின் கட்டிலில் கூடுதல் தலையணை, பொம்மைகளைக் குறைத்து விரிப்பை அடிக்கடி துவைத்தாலே கொஞ்சம் தணியும்.

கேள்வி: இலவம் பஞ்சு மெத்தைதான் நல்லது, ஊரிலிருந்து கொண்டுவரலாம் என்கிறேன். மகன் வேண்டாம் என்கிறான். நீங்களே சொல்லுங்கள். (தோ பாயோ பாட்டி)

பாட்டி, பசை என்று பார்த்தால் உங்கள் பக்கம்தான் நியாயம். இலவம் பஞ்சை உறைக்குள் அடைத்து ஊசி நூலால் தைக்கிறார்கள், ஒட்டுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. முன்பெல்லாம் இங்கேயும் கம்பத்து வீடுகளில் கெக்காபு (இலவம் பஞ்சு) மெத்தைதானே, என் பாட்டி மலாயாவில் பால்மரம் வெட்டிய காலத்தில் லயத்தில் எல்லார் வீட்டிலும் அதுதான். ஆனால் அது வெயிலில் காயப் போட்டே ஆக வேண்டிய மெத்தை, பன்னிரண்டாவது மாடியில் எங்கே போடுவீர்கள்? காயாத பஞ்சு நம் ஈரத்தில் கட்டி தட்டிப் பூஞ்சை பிடிக்கும், உடைந்த பஞ்சு தூசியாகும், வீட்டில் பேரப்பிள்ளைக்கு மூச்சிரைப்பு இருந்தால் நிச்சயம் வேண்டாம். இல்லையென்றால் பகலில் உட்காரும் திண்டுக்கும் தலையணைக்கும் இலவம் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், படுக்கைக்குத் தென்னை நாரை ரப்பர் பாலால் இறுக்கிச் செய்த மெத்தையைப் பாருங்கள். முதுகுக்கும் அது கெட்டியாக இருக்கும்.

கேள்வி: வணக்கம் அம்மா. நான் புதுக்கோட்டைப் பக்கம். சுங்கை காடுட்டில் ஒரு பட்டறையில் இரண்டு வருடமாக ஃபோமுக்கு ஸ்ப்ரே கன்னில் குளு அடிக்கிறேன். ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது டின் ஆகும். மத்தியானத்துக்கு மேல் தலை சுற்றும், போதை மாதிரி இருக்கும். நாலு மாதமாக இரண்டு கால் விரலும் மரத்துக் கிடக்கிறது, இப்போது கை விரல் நுனியும். செருப்புக் கழன்றுபோனது கூடத் தெரிவதில்லை. சூப்பர்வைசர் விட்டமின் மாத்திரை சாப்பிடு என்கிறார். தங்குவிடுதி நண்பன் உங்கள் பகுதியைக் காட்டினான். (சுங்கை காடுட் வாசகர்)

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் மற்ற எல்லாக் கடிதத்தையும் ஓரம் வைத்துவிட்டேன். மேலே எழுதியவர்களுக்கு வந்து சேர்வது பசையின் மிச்சம் என்று சொன்னேனே, அந்த மிச்சம் போகப் பெரும்பங்கு முழுவதும் உங்கள் மூக்குக்கு ஓரடி தூரத்தில் ஆவியாகிறது.

இரண்டு காலும் ஒரே மாதிரி நுனியிலிருந்து மரத்து, பிறகு கை விரலுக்கு வந்திருப்பது நரம்பு கெடுவதன் அடையாளம். சர்க்கரை நோயிலும் விட்டமின் பி12 குறைந்தாலும் இப்படி வரும், மருத்துவர் அதையும் பார்ப்பார், ஆனால் நாள் முழுக்கக் கரைப்பான் பசை அடிக்கிற ஒருவருக்கு வந்தால் முதலில் அந்த டின்னைத்தான் பார்க்க வேண்டும். ஹெக்சேன் உடம்புக்குள் போனால் இன்னொரு பொருளாக மாறி நரம்பை நுனியிலிருந்து அரிக்கும். என்-புரொப்பைல் புரோமைடு என்ற கரைப்பானும் நரம்பைக் கெடுக்கும், நடையே தள்ளாடும். டைகுளோரோமீத்தேன் என்றால் உடம்பு அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது, மூடிய அறையில் வண்டிப் புகையைச் சுவாசித்தது மாதிரி ரத்தத்தில் பிராணவாயு குறையும், மத்தியானத் தலைசுற்றலுக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

இதெல்லாம் யாரும் அறியாத புதுச் செய்தி இல்லை, அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. அமெரிக்காவில் ஃபோம் ஒட்டும் பட்டறைகளில் முதலில் ட்ரைகுளோரோஈத்தேன் கலந்த பசை இருந்தது, ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று அதை 1990களில் நிறுத்தினார்கள். டைகுளோரோமீத்தேனுக்கு மாறினார்கள். அது புற்றுநோய்ச் சந்தேகம் உள்ளது என்று 1997இல் பட்டறைக் காற்றில் அதற்கு இருந்த வரம்பைப் பத்து லட்சத்தில் 500 பங்கிலிருந்து 25 பங்காகக் குறைத்து விதி வந்தது. உடனே பல பட்டறைகள் என்-புரொப்பைல் புரோமைடு பசைக்கு மாறின, அதற்கு அப்போது கண்டிப்பான வரம்பு இல்லை. அதுவும் நரம்பை அழித்தது, சோபா மெத்தை ஒட்டிய தொழிலாளிகள் நடக்க முடியாமல் போனார்கள். டைகுளோரோமீத்தேனின் பெரும்பாலான பயன்பாட்டை அமெரிக்கா தடை செய்ததே 2024இல்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1980களின் தொடக்கத்தில், ஒரு செருப்புப் பட்டறைக்குக் காற்றை அளக்கப் போனேன். அங்கே பசை தடவிக்கொண்டிருந்த ஓர் அக்காவுக்கு ரவிக்கை ஊக்கு மாட்ட முடியவில்லை, மகள்தான் தினமும் மாட்டிவிடுகிறாள் என்று வெட்கத்தோடு சொன்னார். அவருக்கும் விட்டமின் மாத்திரைதான் கொடுத்திருந்தார்கள். நான் எழுதிய அறிக்கை போய்ச் சேர்ந்து, பசையை மாற்றுவதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது. அந்த ஒரு வருடத்தை நான் இன்னும் மறக்கவில்லை, அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

முதல் காரியம், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். தங்குவிடுதியில் இருப்பவர் என்பதால் முதலாளி உங்களுக்கு அடிப்படை மருத்துவத் திட்டம் எடுத்திருக்க வேண்டும், அந்த மருத்துவ நிலையத்துக்கே போகலாம். கால் மரக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். இரண்டு வருடமாகக் கரைப்பான் பசை ஸ்ப்ரே அடிக்கிறேன், நரம்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். போகும்போது டின்னின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அதில் சிவப்புக் கட்டம் போட்ட படங்கள் இருக்கும், நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போல ஒரு மனித உருவம் இருந்தால் உடலுக்குள் நீண்ட காலக் கேடு செய்யும் பொருள் என்று அர்த்தம். ஒவ்வொரு பசைக்கும் சேஃப்டி டேட்டா ஷீட் என்று ஒரு தாள் உண்டு, எஸ்டிஎஸ் என்பார்கள், அதைப் பட்டறையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை, கேட்பது உங்கள் உரிமை.

இரண்டாவது, மருத்துவர் பார்த்து முடிவு சொல்லும்வரை குளு அடிக்கும் வேலையிலிருந்து மாற்றச் சொல்லுங்கள். வெட்டுவது, தைப்பது, பேக்கிங், எதுவானாலும் சரி. ஹெக்சேன் என்றால் அடிப்பதை நிறுத்திய பிறகும் சில மாதம் மரப்பு கூடலாம், பயந்துவிடாதீர்கள், பிறகு மெல்ல மெல்ல இறங்கும். எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறீர்களோ அவ்வளவு திரும்பக் கிடைக்கும்.

நீங்கள் மாஸ்க் பற்றி ஒன்றும் எழுதவில்லை. காகித மாஸ்க்கோ துணி மாஸ்க்கோ போட்டிருந்தால் அது தூசிக்கு, ஆவி அதற்குள் நேராகப் புகுந்துவிடும். ஆவியைப் பிடிக்கும் கரி கார்ட்ரிட்ஜ் வைத்த ரப்பர் மாஸ்க் வேண்டும், கார்ட்ரிட்ஜைக் காலத்தோடு மாற்றவும் வேண்டும், டைகுளோரோமீத்தேன் என்றால் அதுவும் போதாது, வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் மாஸ்க்தான். ஆனால் மாஸ்க்குக்கு முன்னால் செய்ய வேண்டியது காற்றை இழுக்கும் வசதி, பசை அடிக்கும் மேசைக்குப் பின்னால் உறிஞ்சும் விசிறி வைத்து ஆவி உங்கள் முகத்துக்கு வராமல் அந்தப் பக்கமாகப் போக வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு மின்விசிறியை வைத்துவிட்டுக் காற்றோட்டம் இருக்கிறது என்று சொல்வதை நான் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன், அது ஆவியைச் சுழற்றி உங்கள் முகத்துக்கே கொண்டுவரும். இந்த ஆவிகள் காற்றைவிடக் கனம், தரையோரம் தேங்கும், குனிந்து எடுக்கும்போது மொத்தமாக ஏறும். அப்புறம், கையில் ஒட்டிய பசையைத் தின்னர் ஊற்றிக் கழுவுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், தோல் வழியாகவும் அது உள்ளே போகும். பசை அடிக்கிற இடத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், தண்ணீர்ப் பசையோ ஹாட் மெல்ட்டோ இருக்கும்போது கரைப்பான் பசைக்கு அவசியமே இல்லை. தண்ணீர்ப் பசை காயக் கொஞ்சம் நேரம் எடுக்கும், புது ஸ்ப்ரே கன் வாங்க வேண்டியிருக்கும், அதைத்தான் செலவு என்பார்கள். தீப்பிடிக்கிற பயம் போகிறது என்று முதலாளியிடம் சொல்லிப் பாருங்கள், சிலருக்கு அந்தக் கணக்கு புரியும்.

வேலை போய்விடுமோ என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்தப் பயம் இருக்கும் என்று எனக்குத் தெரியும், இங்கே வருவதற்கு வாங்கிய கடனும் இருக்கும். அதனால் தனியாகப் போய்ப் பேசாதீர்கள், கூட அடிக்கிற இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் கால் மரக்கிறதா என்று கேளுங்கள். சூப்பர்வைசர் கேட்காவிட்டால் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கலாம், யார் சொன்னது என்று முதலாளியிடம் சொல்ல மாட்டார்கள், ஸ்னாப்சேஃப் என்ற அமைச்சின் புகார்ச் சேவையில் படத்தோடு அனுப்பலாம். வெளிநாட்டு ஊழியர் நிலையமும் உதவும். வேலையால் வந்த நோய்க்கும் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் இடம் உண்டு, விபத்துக்கு மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருத்துவர் கொடுக்கிற ஒவ்வொரு தாளையும் படம் எடுத்து ஊருக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

டின் லேபிளையும் அந்த எஸ்டிஎஸ் தாளையும் இந்தப் பத்திரிகை முகவரிக்கே எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழுக்குக் காத்திருக்க மாட்டேன், வரிவரியாகப் படித்துத் தமிழில் எழுதி உங்களுக்கு நேராக அனுப்பிவிடுகிறேன், மருத்துவரிடம் கையோடு கொண்டுபோகலாம்.